நூல் உருவிய மல்லிகை

சியூ எங்கின் ஆர்டர் புத்தகத்தில்
'புத்தர் பிறந்தநாள்' என்று
நாலு பக்கத்துக்குத் தலைப்பு இருக்கும்.
எத்தனை முறைதான் பிறப்பார் என்று கேட்டேன்.
பில் கட்டுகிற அத்தனை முறையும் என்றாள்.

ஏப்ரல் எட்டு, ஜப்பானியக் குடும்பங்கள்.
விரல் உயரக் குழந்தைக்குப் பூவால் ஒரு கூரை.
தலையில் இனிப்புத் தேநீர் ஊற்றுவோம்,
ஈரம் தாங்குமா என்று கேட்டார்கள்.
தாங்கும் என்றேன்.
தாங்கவில்லை.

நாலாம் மாதம் எட்டாம் நாள், சீனர்களில் பழைய ஆட்கள்.
கேலாங் சந்துக்குள் மூன்று வாசல், மஞ்சள் சாமந்தி,
வேன் நிறுத்த இடமில்லை, அபராதம் என் கணக்கு.

அதற்கு ஏழாம் நாள் பௌர்ணமி.
மற்ற எல்லோரும்.
அரசாங்கம் விடுமுறை விடுவதும் அன்றைக்குத்தான்.

அந்த வருஷம் சீன நாட்காட்டியில்
ஒரு மாதம் இரண்டு தடவை வந்தது.
மழையில் ஊதிய கதவு மாதிரி
வருஷம் சட்டத்துக்குள் அடங்கவில்லை.
விடுமுறை ஜூனுக்குத் தள்ளிப்போனது.

மே மாதம், விடியாத ஐந்து மணிக்குப் போன்.
பாலஸ்டியர் மாடிக்கூடத்து நிலூகா.
"தாமரை எங்கே?"
"வெசாக் அடுத்த மாசம்தானே?"
"வெளியே வந்து வானத்தைப் பாருங்கள்."
பார்த்தேன்.
எதிர் புளோக்கின் தண்ணீர்த் தொட்டிக்கு மேல்
முழுசாக நின்றது.
"இது சித்ரா பௌர்ணமி. விசாகம் அடுத்த நிலா.
முருகனுக்குப் பால்குடம் நேர்ந்திருக்கிறேன்,
எனக்குத் தெரியாதா?"
"எங்களுக்கு இதுதான்."
அவள் சண்டை போடவில்லை.
குரலுக்குப் பின்னால்
நாற்பது பேருக்குப் பால்சோறு கொதித்துக்கொண்டிருந்தது.

வெசாக், விசாகம்.
ஒரே சொல்லை
ஆளுக்கொரு நிலாவில் ஏற்றியிருக்கிறோம்.

குளிர் அறையில் ஒரு தாமரை இல்லை.
தேக்காவில் அப்போதுதான் கதவு தூக்கிய
பூக்கடைச் செங்கமலத்திடமும் இல்லை;
பெயரில் இருப்பதோடு சரி.
இருபது முழம் மல்லி,
திருச்சி விமானத்தில் வந்த ஈரம் காயாமல்.

மாடிப்படியில் நிலூகா
சரத்தைப் பார்த்தாள், வாங்கவில்லை.
"தொடுத்ததை வைக்கமாட்டோம். உதிரியாகத்தான்."

படியிலேயே உட்கார்ந்தோம்.
அவள், நான்,
பள்ளிச் சீருடையில் அவள் மகன் சஜித்.
செங்கமலத்தின் கை
ஒரு கண்சிமிட்டலில் போடும் முடிச்சு
எனக்கு ஒரு நிமிஷம் எடுத்தது.
பையன் பல்லால் கடிக்கப் போனான்,
அம்மா கையைத் தட்டிவிட்டாள்.
மோந்துவிடக் கூடாதென்று
அவள் முகத்தை ஒரு பக்கம் திருப்பியிருந்தாள்.
நானும் திருப்பியிருந்தேன்.
அதை யாரும் யாருக்கும் சொல்லித்தரவில்லை.

"மதியத்துக்குள் வாடிவிடும்," என்றேன்.
"தாமரை என்றால் சாயங்காலம்வரை தாங்கும்."
"வாடத்தான் வைக்கிறோம்," என்றாள்.

நாலு டிகிரிப் பெட்டி, ஈரத் துணி, தண்டுக்குப் பஞ்சு,
வாடாமல் கொண்டுசேர்க்கத்தான்
பதினோரு வருஷமாகச் சம்பளம் வாங்குகிறேன்.
பதில் வரவில்லை.
வெள்ளைத் தட்டில் மல்லி
சோறு மாதிரி குவிந்தது.
பையன் மூன்றாவது பாடத்துக்குத்தான் போனான்.

ஜூன் பௌர்ணமி.
ஊருக்கு விடுமுறை, எனக்கு எழுபது டெலிவரி.
விடியும் முன்பே பால்குடத்தை இறக்கிவைத்துவிட்டு
மஞ்சள் வேட்டியோடு வேனில் ஏறினேன்.
பிரைட் ஹில் சாலையில்
மூன்று அடிக்கு ஒருமுறை விழுந்து வணங்கியவர்கள்
இரவெல்லாம் நடந்து முடித்து, முட்டியைத் தேய்த்தபடி
பஸ்ஸுக்கு நின்றார்கள்.
தாய்லாந்துக் கோயிலில் பிரானீ
என் வேட்டியைப் பார்த்துத் தடுமாறி
கைகூப்பிவிட்டாள்.
கையெழுத்து வாங்க நீட்டிய தாளை
என்ன செய்வதென்று தெரியாமல்
நானும் கூப்பினேன்.

மறுநாள் சியூ எங் ஐந்தாம் பக்கத்தைத் திறந்தாள்.
தலைப்பு அதேதான்.
கீழே சிவப்பு மையில்:
'நிலூகா. பௌர்ணமி.
எந்தப் பௌர்ணமி என்று கேட்கவும்.'